நடுங்கும் கைக்கும் நியாயம் வேண்டும்



பால்மரம் சீவுகிறவனுக்கு நிலமில்லை, பணமில்லை; கை ஒன்றே சொத்து. இருட்டோடு எழுந்து, பெரட்டில் பேர் கொடுத்து, நிரைக்குள் நுழைந்து, நானூறு ஐந்நூறு மரங்களை ஒரே அளவாய்ச் சீவி வருகிறான். உளி சற்று ஆழம் போனால் மரத்தில் காயம். சற்று மேலோடினால் பால் இல்லை. இந்த நுட்பம் இருப்பது கையில். அந்தக் கையே நடுங்கத் தொடங்கினால் அவன் கதி என்ன? இதைத்தான் இன்று தோழர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

நமக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர். இடையில் பல ஆண்டுகள் புல்லுக்கு மருந்தடிக்கும் கூட்டத்திலும் இருந்தவர். 2017-ஆம் ஆண்டு வாக்கில் அவர் மரங்களில் காயம் அதிகம் என்று தண்டல் புகார் செய்தார். நடையும் மெதுவாயிற்று. மற்றவர்கள் பால் நிறுத்துவிட்டு வீட்டுக்குப் போன பிறகுதான் அவர் வாளியோடு ஸ்டோருக்கு வருவார். "பெரியவர் காலையிலேயே போட்டுக்கொண்டு வருகிறார்" என்று சிலர் கேலி பேசினார்கள். வாழ்நாளில் மது தொடாதவர் அவர்! நிர்வாகம் அவரைச் சீவு வேலையிலிருந்து எடுத்துக் களை வேலையில் போட்டது. வருமானம் குறைந்தது. அவமானம் தாங்காமல் 2018-இல் தாமே பேர் வெட்டிக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 57.

இதில் நம் பங்கும் உண்டு. மறைக்க மாட்டோம். ஆபீசில் அவருடைய கையெழுத்தை மாதந்தோறும் பார்த்தவர்கள் நாம். முன்னே பெரிய எழுத்தாய், கட்டம் நிறையக் கையெழுத்துப் போடுவார். மூன்று ஆண்டுகளில் அந்த எழுத்து எறும்பு போலச் சிறுத்துவிட்டது. "என்ன ஐயா, மையை மிச்சம் பிடிக்கிறீர்களா?" என்று நாமே சிரித்துக்கொண்டு கேட்டதுண்டு. அது நோயின் அடையாளம் என்று அன்று நமக்குத் தெரியவில்லை. 2019-இல் அவர் மகள் அவரை அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போன பிறகுதான் பெயர் தெரிந்தது: பார்க்கின்சன் நோய். நம் பாட்டன்மார் நடுக்குவாதம் என்றார்களே, அதுதான்.

நோயின் வரலாறு

இந்நோய்க்குப் பெயர் தந்தவரைப் பற்றித் தொழிற்சங்கத் தோழர்கள் அறிந்திருப்பது நல்லது. ஜேம்ஸ் பார்க்கின்சன் லண்டனில் ஹாக்ஸ்டன் பகுதியில் வைத்தியம் பார்த்தவர். ஏழைகளுக்கும் வாக்குரிமை வேண்டும், பாராளுமன்றம் சீர்திருத்தப்பட வேண்டும் என்று "ஓல்ட் ஹியூபர்ட்" என்ற புனைபெயரில் துண்டுப் பிரசுரங்கள் எழுதினார். 1794-இல் மன்னரைக் கொல்லச் சதி நடந்ததாக வந்த வழக்கில், சீர்திருத்தச் சங்கத்தைச் சேர்ந்தவர் என்பதால் அவரையும் அழைத்து விசாரித்தார்கள். அவர் 1817-இல் நடுக்குவாதம் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதில் ஆறு நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். சிலரை அவர் தெருவில் நடந்து போகும்போதே கண்டு கவனித்தார். பின்னாளில் பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ இந்நோய்க்குப் பார்க்கின்சன் பெயரையே சூட்டினார். தெருவில் தள்ளாடிப் போகிறவனைக் குடிகாரன் என்று ஒதுக்காமல் நின்று பார்த்தார் ஒருவர். அதனால் உலகத்துக்கு ஓர் உண்மை கிடைத்தது. தோட்டத்தில் நாம் அப்படி நின்று பார்த்தோமா?

மூளையின் அடிப்பகுதியில் கருநிறமான ஒரு சிறு பகுதி இருக்கிறது. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கின்றன. உடல் அசைவு சீராக நடப்பதற்கு இது தேவை. அந்த அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக மடிவதே இந்நோய். கை நடுக்கம், உடல் விறைப்பு, அசைவில் தாமதம், நடையில் தள்ளாட்டம் இவை முக்கியக் குறிகள். நடக்கும்போது ஒரு கை வீசாமல் தொங்கும். குரல் தாழும். மோப்பம் குறையும். எழுத்து சிறுக்கும். எல்லோருக்கும் நடுக்கம் வரும் என்பதில்லை. சிலருக்கு விறைப்பும் தாமதமும் மட்டுமே முதலில் தோன்றும். சோம்பேறி என்று பழி சுமப்பவர்கள் பெரும்பாலும் இவர்களே.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019-இல் உலகில் 85 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்நோயோடு வாழ்ந்தனர். நோயை அடியோடு போக்கும் மருந்து இதுவரை இல்லை. ஆனால் அடக்கி வைக்கும் மருந்து உண்டு. டோபமினின் வேலையை 1957-இல் சுவீடன் விஞ்ஞானி ஆர்விட் கார்ல்சன் எடுத்துக்காட்டினார். அதற்காக 2000-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். 1961-இல் வியன்னாவில் லெவோடோபா என்னும் மருந்தை நோயாளிகளுக்கு ஊசி மூலம் கொடுத்துப் பார்த்தார்கள். 1967-இல் ஜார்ஜ் கோட்சியாஸ் அதை வாய்வழியாகப் போதிய அளவில் கொடுத்து நல்ல பலன் கண்டார். இன்றும் தலையாய மருந்து அதுவே.

இங்கே ஒரு செய்தி. அந்த லெவோடோபா பூனைக்காலி விதையில் இயற்கையாகவே இருக்கிறது. 1937-இல் சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இரு விஞ்ஞானிகள் அதை விதையிலிருந்து பிரித்தெடுத்துக் காட்டினார்கள். நம் தோட்டங்களில் மண்ணை மூடிப் படர்கிறதே ஒரு கொடி, முக்குனா என்று ஆபீஸ் கணக்கில் எழுதுகிறோமே, அது பூனைக்காலியின் இனத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் யாரும் காட்டு விதையை இடித்துக் குடிக்கப் புறப்பட வேண்டாம்! அளவு தெரியாமல் தின்றால் வாந்தியும் மயக்கமும் வேறு தீங்குகளும் வரும். மருந்தின் அளவை டாக்டர்தான் நிர்ணயிக்க வேண்டும்.

தரையில் போட்ட கோடு

மருந்து மட்டும் போதாது. நோய் முற்றும்போது சிலருக்கு விசித்திரமான ஒரு தொல்லை வருகிறது. நடந்துகொண்டே இருப்பார், திடீரென்று கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும். வாசற்படியில், குறுகிய வழியில், திரும்பும் இடத்தில் இது அதிகம். உடல் முன்னே சாயும், கால் வராது, விழுந்துவிடுவார். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அதன்பின் படுக்கைதான்.

ஆனால் அதே மனிதர் படிக்கட்டில் ஏறிவிடுவார்! தரையில் குறுக்கே ஒரு கம்பைப் போட்டால் தாண்டிவிடுவார்! இங்கிலாந்து மருத்துவர் பர்டன் மார்ட்டின், தரையில் குறுக்குக் கோடுகள் போட்டால் இவர்களால் நன்றாக நடக்க முடிகிறது என்று 1967-இல் வெளியிட்ட நூலில் எழுதினார். காரணம் என்ன? நாம் நடக்கும்போது காலடியை எண்ணி வைப்பதில்லை. நடை தானாக ஓடுகிறது. அந்தத் தானியங்கும் வழிதான் இந்நோயில் பழுதாகிறது. கண்ணால் ஒரு குறியைப் பார்த்து, "இதைத் தாண்டு" என்று நினைத்துக் கால் வைக்கும்போது மூளை வேறு வழியைப் பயன்படுத்துகிறது. அந்த வழி அவ்வளவாகக் கெடவில்லை. விளக்கம் இன்னும் முழுமையாக வரவில்லை என்றாலும், பலன் கண்ணுக்குத் தெரிகிறது.

நம் பெரியவருக்கும் ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் அம்மையார் தரையில் பட்டை நாடாவை வரிசையாக ஒட்டி நடக்கச் சொன்னார். நடந்தார். மகள் வீட்டுக்கு வந்ததும் கூடத்திலிருந்து குளியலறை வரை ஒவ்வோர் அடிக்கும் ஒரு வெள்ளைக் கோடு சாயத்தால் போட்டுவிட்டாள். நாம் பார்க்கப் போனபோது அவர் அந்தக் கோடுகள்மேல் நடந்து வந்து நமக்கு நாற்காலி காட்டினார். "நிரை பார்த்து நடக்கிறேன் கிராணி ஐயா" என்றார். நமக்குப் பேச வாய் வரவில்லை.

கண்ணுக்குள் வரும் கோடு

அந்தக் கோட்டைத்தான் இன்று விஞ்ஞானம் ஒரு கண்ணாடிக்குள் கொண்டுவந்திருக்கிறது. இதைக் கலப்பு மெய்ம்மை என்கிறார்கள். பெயர் பெரிது, பொருள் எளிது. முகத்தில் மாட்டும் கண்ணாடி. அதை மாட்டினால் வீடும் சுவரும் தரையும் உள்ளபடியே தெரியும். அத்துடன், இல்லாத ஒரு பொருளும் அங்கே இருப்பதுபோல் தெரியும். தரையில் நீலக் கோடுகள் தெரியும். நடந்தால் அவை நம்மோடு நகராமல் தரையிலேயே நிற்கும். கண்ணாடியிலுள்ள சிறு காமிராக்கள் அறையை அளந்து, கோட்டை அதன் இடத்தில் நிறுத்துகின்றன. கண்ணை முழுவதும் மூடி வேறோர் உலகத்தைக் காட்டும் கருவி வேறு; அதை மெய்நிகர் என்பார்கள். கலப்பு மெய்ம்மையில் உண்மையான தரை தெரிவதால், நடப்பவன் நாற்காலியில் முட்டிக்கொள்ளும் அபாயம் குறைவு.

இந்த எண்ணம் புதிதல்ல. 1990-களிலேயே அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இத்தகைய கண்ணாடியைப் பார்க்கின்சன் நோயாளிகளுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். அந்த முயற்சியில் முன்னின்றவர்களில் ஒருவர் இந்நோயால் தாமே வருந்திய ஒரு பாத மருத்துவர். அண்மைக் காலத்தில் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் விரையே பல்கலைக்கழகத்தார் கண்ணாடியை நோயாளிகளின் வீட்டுக்கே அனுப்பி, ஆறு வாரம் நடைப் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் செய்ய வைத்தார்கள். அமெரிக்காவில் கிளீவ்லாந்து கிளினிக்கில், நடந்துகொண்டே மனக்கணக்குப் போடுவது போன்ற இரட்டை வேலைகளை இக்கண்ணாடி மூலம் பழக்குகிறார்கள். காரணம், நோயாளி பேசிக்கொண்டோ யோசித்துக்கொண்டோ நடக்கும்போதுதான் அதிகம் விழுகிறார்.

பயிற்சியால் விழுவது குறையுமா? குறையும் என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. ஆனால் அது கண்ணாடி அல்ல, திரை. ஐந்து நாடுகளில் அடிக்கடி விழும் முதியோர் 302 பேரை இரு பிரிவாக்கிச் சோதித்தார்கள். அவர்களில் பலர் பார்க்கின்சன் நோயாளிகள். ஒரு பிரிவினர் ஓடும் பட்டை இயந்திரத்தில் மட்டும் நடந்தனர். மற்றப் பிரிவினர் அதே இயந்திரத்தில், எதிரே திரையில் வரும் தடைகளைத் தாண்டி நடந்தனர். வாரம் மூன்று நாள், ஆறு வாரம். முடிவு 2016-இல் வெளியாயிற்று. திரையோடு பழகியவர்கள் பயிற்சிக்கு முன் ஆறு மாதத்தில் சராசரி 11.9 முறை விழுந்தவர்கள். பயிற்சிக்குப் பின் ஆறு மாதத்தில் 6 முறை. இயந்திரத்தில் மட்டும் நடந்தவர்கள் 10.7-லிருந்து 8.3 ஆனார்கள். கால் பழகினால் மட்டும் போதாது, கண்ணும் கருத்தும் சேர்ந்து பழக வேண்டும் என்பது இதிலிருந்து விளங்குகிறது.

கண்ணாடியைக் கும்பிட வேண்டாம்

விஞ்ஞானத்தை நாம் வரவேற்கிறோம். ஆனால் புதிய சாமான் என்றாலே கையெடுத்துக் கும்பிடும் பழக்கம் தொழிலாளிக்கு ஆகாது.

முதலாவது, பலன். கண்ணாடியைக் கொண்டு நடந்த ஆராய்ச்சிகள் பெரும்பாலும் சிலரை வைத்துச் செய்யப்பட்டவை. எல்லாமே வெற்றியும் அல்ல. நின்ற இடத்தில் திரும்பும்போது கால் உறைவதைக் கண்ணாடிக் கோடு குறைக்கவில்லை என்று 2020-இல் நெதர்லாந்திலிருந்தே ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. கண்ணாடிக்குள் படம் தெரியும் பரப்பு குறுகியது. காலடியில் உள்ள கோட்டைப் பார்க்கத் தலையைக் குனிய வேண்டும். குனிந்தால் தள்ளாட்டம்.

இரண்டாவது, விலை. இவ்வாராய்ச்சிகளில் அதிகம் புழங்கிய மைக்ரோசாப்ட் கம்பெனியின் ஹோலோலென்ஸ் 2 என்னும் கண்ணாடி 2019-இல் விற்பனைக்கு வந்தபோது அதன் விலை 3,500 அமெரிக்க டாலர். நம் பணத்தில் 14,000 வெள்ளிக்கு மேல். 2025-இல் நடப்புக்கு வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் தோழர் ஒருவர், எட்டு மாதம் ஒரு காசும் செலவழிக்காமல் இருந்தாலும் அதை வாங்க முடியாது. எடை 566 கிராம். அரைக் கிலோவுக்கு மேல் தலையில் சுமக்க வேண்டும்.

மூன்றாவது, முதலாளியின் கணக்கு. அந்தக் கண்ணாடியின் உற்பத்தியை 2024-இல் மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. இலாபம் இல்லாவிட்டால் கடையை மூடுவது முதலாளிக்கு வழக்கம். ஆனால் அதை நம்பிப் பழகிய நோயாளி என்ன செய்வான்? வேறு கம்பெனிகள் வேறு கண்ணாடிகளைச் செய்கின்றன. அவையும் நாளை என்னவாகும்? ஆகவேதான் சொல்கிறோம்: மனிதனின் காலடியை ஒரு கம்பெனியின் ஐந்தொகைக் கணக்கில் கட்டிவிடக் கூடாது.

அப்படியானால் கண்ணாடி வேண்டாமா? அப்படிச் சொல்பவர்களோடும் நாம் உடன்படவில்லை. "தோட்டத்தானுக்கு எதற்கு இதெல்லாம்?" என்று கேட்கும் வாய்கள் உண்டு. அதே வாய்கள் நம் பிள்ளைகளைப் பார்த்தும், "தோட்டத்தானுக்கு எதற்குப் படிப்பு?" என்று கேட்டவைதாம்! கோட்டைச் சாயத்தாலும் போடலாம், உண்மை. ஆனால் சாயக் கோடு வீட்டோடு நின்றுவிடும். கண்ணாடிக் கோடு சந்தைக்கும் கோயிலுக்கும் கூட வரும். அடியின் நீளத்தை அளந்து, தொலைவில் இருக்கும் பயிற்சியாளருக்குக் காட்டும். பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு வாரம் மூன்று முறை பஸ் பிடித்துப் போக முடியாத தோட்டப்புறத்து நோயாளிக்குத்தான் இது பட்டணத்தானைவிட அதிகம் உதவும். எனவே வரிசை முறையாகக் கேட்போம். முதலில் டாக்டர், மருந்து, பயிற்சியாளர், தரையில் கோடு. அடுத்து, பொது நிலையத்தில் எல்லோருக்கும் பொதுவான கண்ணாடி. தனியார் ஆஸ்பத்திரியில் பணக்காரருக்கு மட்டும் உள்ள கண்ணாடி நமக்குத் தேவையில்லை.

புல்லுக்கு அடித்த மருந்து

தோழர்களே! நோயைத் தணிப்பதைப் பற்றிப் பேசிவிட்டு, நோய் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் விட்டால் அது அரை நியாயம்.

பெரும்பாலோருக்கு இந்நோய் ஏன் வருகிறது என்று திட்டமாகச் சொல்ல முடிவதில்லை. வயதும் பரம்பரையும் காரணமாகலாம். ஆனால் பூச்சி மருந்து, களைக்கொல்லி ஆகியவற்றின் மீது பலத்த சந்தேகம் விழுந்திருக்கிறது. அமெரிக்காவில் ஐயோவா, வட கரோலினா மாநிலங்களின் விவசாயக் குடும்பங்களை ஆராய்ந்து 2011-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பாராகுவாட் அல்லது ரோட்டினோன் பயன்படுத்தியவர்களிடம் இந்நோய் ஏறக்குறைய இரண்டரை மடங்கு அதிகமாகக் காணப்பட்டது என்றது அந்த அறிக்கை. பாராகுவாட் எது என்று தோட்டத்தாருக்குச் சொல்ல வேண்டுமா? முதுகில் தொட்டியைச் சுமந்து, வெயிலில் முகமூடியும் கையுறையும் இன்றி, நம் தாய்மாரும் அக்காமாரும் அடித்த களைக்கொல்லி அது. ரோட்டினோன் என்பது தூபா வேரிலுள்ள நஞ்சு. ஆற்றில் மீன் மயக்க இந்நாட்டில் பழங்காலம் முதல் பயன்பட்ட அதே தூபா! யுத்தத்துக்கு முன் மலாயாவிலிருந்து பூச்சி மருந்துக்காக அந்த வேர் ஏற்றுமதியானது. 2000-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் ரோட்டினோனை எலிகளுக்குச் செலுத்தியபோது, அவற்றுக்குப் பார்க்கின்சன் போன்ற நோய் கண்டது.

பாராகுவாட் செய்யும் கம்பெனி, இத்தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்கிறது. ஒருவருக்கு வந்த நோய் இன்ன மருந்தால்தான் வந்தது என்று அறுதியிடுவது கடினம் என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். நம் பெரியவருக்கு எதனால் வந்தது என்று நாம் தீர்ப்பெழுத வரவில்லை. ஆனால் ஐயம் வலுத்த இடத்தில் தொழிலாளியின் உடம்பை வைத்தா பரீட்சை பார்ப்பது?

நம் நாட்டில் 2002-இல் பாராகுவாட்டுக்குத் தடை வந்தது. தெனாகனித்தா போன்ற அமைப்புகள் மருந்தடிக்கும் பெண்களின் துயரத்தை அந்நாளில் எடுத்துரைத்தன. ஆனால் 2006-இல் தடை தளர்த்தப்பட்டது. முழுத் தடை 2020 ஜனவரி முதல் நாளில்தான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனை முதுகுகள் அந்தத் தொட்டியைச் சுமந்தன! நஞ்சு இன்று தடுக்கப்பட்டிருக்கலாம். ஆனால் இந்நோய் பல்லாண்டு உடலில் மறைந்திருந்து வெளிப்படுவது. நேற்று அடித்தவர்களின் கணக்கு இன்னும் தீரவில்லை.

பிரெஞ்சு நாட்டைப் பாருங்கள். பூச்சி மருந்தோடு வேலை செய்த விவசாயத் தொழிலாளிக்குப் பார்க்கின்சன் நோய் வந்தால் அதை வேலையால் வந்த நோயாக 2012 முதல் அங்கே ஏற்றுக்கொள்கிறார்கள். இன்ன கம்பெனி மருந்து, இன்ன தேதி என்று தொழிலாளி நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியதில்லை. குறித்த ஆண்டுகள் அந்த வேலையில் இருந்தான் என்று காட்டினால் போதும். அங்கே உள்ள நியாயம் இங்கே ஏன் கூடாது?

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை

இந்த இடத்தில் நம் இனத்தாராகிய கிராணிமார்களை நோக்கிப் பேசுகிறோம். யார் எந்த ஆண்டில் மருந்தடிக்கும் கூட்டத்தில் இருந்தார், எத்தனை நாள் பேர் விழுந்தது, எந்த மருந்து ஸ்டோரிலிருந்து எத்தனை தோம்பு வெளியே போனது என்ற விவரமெல்லாம் எங்கே இருக்கிறது? நம் செக்ரோலிலும் ஸ்டோர்ப் புத்தகத்திலும் இருக்கிறது! தோட்டம் கை மாறும்போதும், துண்டாடப்படும்போதும், பால்மரத்தை வெட்டி எண்ணெய்ப்பனை வைக்கும்போதும் முதலில் நெருப்பில் போவது இந்தப் பழைய புத்தகங்கள். "குப்பை, கொளுத்து" என்கிறார்கள். அவை குப்பையல்ல. நாளை ஒரு தொழிலாளி நஷ்ட ஈடு கேட்டு நிற்கும்போது அவனுக்கு இருக்கும் ஒரே சாட்சி அது. சாம்பலாகிப்போன சாட்சியை எந்த நீதிபதி விசாரிப்பார்?

பெரியவரின் கதையில் இன்னொரு பாடமும் உண்டு. பெர்கேசோவின் இயலாமைத் திட்டம் வேலையில் பட்ட காயத்துக்கு மட்டும் உரியதல்ல. 60 வயதுக்கு முன், எந்தக் காரணத்தாலாயினும் உழைக்க முடியாமல் போன சந்தாதாரர் அதற்கு விண்ணப்பிக்கலாம்; சந்தா கட்டிய மாதக் கணக்கும் மருத்துவக் குழுவின் முடிவும் தகுதியாக இருக்க வேண்டும். 57 வயதில் பேர் வெட்டிக்கொண்டு போனாரே, அன்று அவரிடம் இதை யாராவது சொன்னோமா? டாக்டரிடம் காட்டுங்கள் என்றாவது சொன்னோமா? ஒரு படிவத்தைப் பூர்த்தி செய்ய அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தை நாம் கொடுக்கவில்லை. இந்தக் குறை நம்முடையது. மற்றத் தோட்டங்களில் இது நடவாதிருக்கட்டும் என்றே எழுதுகிறோம்.

நாம் கேட்பது என்ன?

ஒன்று: கை நடுக்கம், நடைத் தாமதம், மரக்காயம் காரணமாக ஒருவரை வேலை மாற்றுவதற்கோ தண்டிப்பதற்கோ முன் அவரை டாக்டரிடம் அனுப்ப வேண்டும். கிளைச் சங்கம் இதை நிர்வாகத்தோடு பேசி எழுத்தில் வாங்க வேண்டும். நோய் என்று தெரிந்தால், உளி பிடிக்காத வேலையைப் பழைய வருமானம் குறையாமல் தர வேண்டும்.

இரண்டு: களைக்கொல்லியும் பூச்சி மருந்தும் அடித்த தொழிலாளிக்கு இந்நோய் வந்தால், குறித்த ஆண்டுகள் அந்த வேலையில் இருந்ததையே போதிய ஆதாரமாகக் கொண்டு வேலைநோயாக ஏற்கும் முறை வேண்டும். இந்நாட்டுத் தொழிலாளி, வெளிநாட்டுத் தொழிலாளி என்ற பேதம் இதில் கூடாது. தொட்டி ஒன்றே, முதுகும் ஒன்றே.

மூன்று: மருந்தடித்தவர்களின் பேர்ப்பட்டியலும் மருந்துக் கணக்கும் தோட்டம் கை மாறினாலும் பல்லாண்டு காக்கப்பட வேண்டும். பிரதி ஒன்று அரசாங்கத்திடம் இருக்க வேண்டும்.

நான்கு: மலாக்காவில் பெர்கேசோ நடத்தும் துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையம் 2014 முதல் இயங்கி வருகிறது. நம் சந்தாப் பணத்தில் எழுந்த நிலையம் அது. அத்தகைய பொது நிலையங்களில் நடைப் பயிற்சிக் கண்ணாடியைச் சோதித்து, பலன் உண்டெனக் கண்டால் வீட்டுக்கு இரவல் தரும் ஏற்பாடு செய்ய வேண்டும். கண்ணாடி பேசும் மொழி மலாயும் தமிழும் சீனமுமாக இருக்கட்டும். ஆங்கிலத்தில் "காலை எடு" என்று அது சொல்லி, நம் பெரியவர் விழித்துக்கொண்டு நிற்கக் கூடாது.

ஐந்து: கண்ணாடி வரும்வரை கைகட்டி இருக்க வேண்டாம். வெள்ளைச் சாயம் ஒரு டப்பா வாங்கினால் ஒரு வீட்டுக்குப் போதும். எவ்வளவு இடைவெளியில் கோடு போடுவது என்பதைப் பயிற்சியாளரிடம் கேட்டு, இளைஞர் பகுதியினர் நோயாளி வீடுகளில் போட்டுக் கொடுக்கலாம். சங்கக் கூட்டத்தில் ஒருநாள் டாக்டரை அழைத்து இந்நோயின் குறிகளை விளக்கச் செய்யலாம். கோலாலம்பூரில் பார்க்கின்சன் நோயாளிகளுக்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது. அதன் ஆலோசனையையும் நாடலாம்.

தோழர்களே! ஏப்ரல் 11 ஜேம்ஸ் பார்க்கின்சன் பிறந்த நாள். அதையே உலகப் பார்க்கின்சன் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அடுத்த ஏப்ரலுக்குள் ஒவ்வொரு கிளையும் தன் தோட்டத்தில் கை நடுங்குகிறவர் யார், கால் தடுமாறுகிறவர் யார், சொல்லாமல் பேர் வெட்டிக்கொண்டு போனவர் யார் என்று ஒரு பட்டியல் எடுக்கட்டும். அந்தப் பட்டியலோடு செக்ரோலை ஒப்பிட்டுப் பார்ப்போம். பிறகு பெர்கேசோவின் கதவைத் தட்டுவோம்.

அந்தக் கை உறுதியாக இருந்த நாளில் அது சீவிய பாலில் எத்தனையோ பேர் வாழ்ந்தார்கள். இன்று அது நடுங்குகிறது. பிடித்துக்கொள்ள வேண்டியது சங்கத்தின் கை. நீட்டுவோம்!